மூன்று இஞ்சி குறைத்துச் சொன்ன அளவு

ஆடை வடிவமைப்புப் பாடநெறிக்குப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் போதனாசிரியைகளுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அது ஊக்கமூட்டும் விதமாக இருந்தால் நல்லது என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. ஊக்கம் உங்களுக்கு நியமனக் கடிதத்தோடு வந்திருக்கும். தீர்ந்துபோக ஓராண்டு எடுக்கும். என்னிடம் கொடுப்பதற்கு இருப்பது கோபம். ஓய்வு பெற்ற பிறகும் தணியாத கோபத்தில் ஏதோ சரக்கு இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அதில் பாதி என்மீதுதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தையல் கற்பித்தவள் அல்ல. கல்முனைப் பக்கத்துப் பயிற்சி நிலையங்களில் இறுதி மதிப்பீடுகளை நடத்தி வைக்கும் உத்தியோகத்தராக இருந்தேன். எந்தப் படிவம் எத்தனை பிரதி, எந்த முத்திரை எந்த மூலையில், எந்தக் கதவு எத்தனை மணிக்கு மூடப்பட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். விதி தெரியாத மேலதிகாரிகள் எனக்குப் பயந்தார்கள். விதி தெரிந்தவர்கள் என்னைத் தவிர்த்தார்கள். இரண்டும் எனக்கு வசதியாகவே இருந்தன.

நீங்கள் எங்கே வேலை செய்ய வந்திருக்கிறீர்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதான வீதியில் துணிக்கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்குத் தலை இல்லை. முகத்தோடு உருவம் வைப்பது மார்க்கத்தில் கூடாது என்று எடுத்துவிட்டார்கள். நல்லது. ஒருநாள் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு அந்தப் பொம்மையின் இடுப்பை அளந்து பார்த்தேன். இருபத்து மூன்று இஞ்சி. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரமாகத் தேடிக்கொண்டு போனாலும், பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் அந்த இடுப்பு அகப்படாது. தலையில் குற்றம் கண்டவர்கள் எவரும் இடுப்பில் ஒரு குற்றமும் காணவில்லை.

அபாயா போட்ட பிறகு உடம்பை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்துக்கு அவர்கள் வருவதில்லை. அங்கே அபாயாவைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்த அடுத்த நிமிடம் தொடங்கும் பரிசோதனையை எந்த வைத்தியசாலையிலும் செய்ய மாட்டார்கள். சலாத்துக்குப் பதில் வருவதற்கு முன்பே, "என்ன புள்ள, கொழுத்துப் போனாய்?" என்று வரும்.

நம் தையற்காரப் பெண்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். அளவு நாடாவை ஒருத்தியின் இடுப்பில் சுற்றும்போது அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்பாள்: "எத்தின கா? கூடிட்டா?"

"இல்ல கா. போன பெருநாளைக்கு எடுத்த அளவுதான்."

வாய் நாற்பது என்று சொல்லும்; கை கொப்பியில் நாற்பத்து மூன்று என்று எழுதும். வெட்டும்போது கை எழுதியதுதான் செல்லும். சட்டை அளவாக இருக்கும், வந்தவளும் சந்தோஷமாகப் போவாள். எங்கள் ஊர்களில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, மரியாதை என்றுதான் சொல்வோம். நானும் அந்த மரியாதையில்தான் வளர்ந்தேன்.

இனி விதிக்கு வருகிறேன். இறுதி மதிப்பீட்டில் தேர்வாளராக இருக்கும் பிள்ளை தைத்த ஆடையை ஓர் உடலில் அணிவித்துத்தான் மதிப்பிட வேண்டும். அணிபவரின் அளவுகளைத் தேர்வாளரே எடுத்துப் பதிவுத்தாளில் எழுதியிருக்க வேண்டும். நல்ல விதி. ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய ஒருவரை அழைத்து வந்தாள். மண்டபம் முழுக்க ராத்தாமாரும், மாமிமாரும், அவர்களின் கைக்குழந்தைகளும். ஒரு மாமி, தன் மருமகளுக்கு ஏன் இவ்வளவு குறைந்த புள்ளி என்று மதிப்பீட்டாளரோடு அரை மணித்தியாலம் வாதாடினார். அன்று மாலையே நான் நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டேன். நிலையம் ஒன்றுக்கு அணிபவர் ஒருவர் போதும். கதவு மூடிய பின் வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஒரு தேர்வாளரின் ஆடையை இன்னொரு தேர்வாளர் அணியக்கூடாது. அணிபவர் வராவிட்டால் தேர்வாளர் தன் ஆடையைத் தானே அணியலாம். மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள். மண்டபம் அமைதியாகிவிட்டது.

அந்த அமைதிக்குள் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அந்த ஒருவரைத் தெரிவு செய்வது போதனாசிரியைகளின் வேலையாயிற்று. வருடா வருடம் அவர்கள் உயரமான, மெலிந்த, நிறமான ஒரு பிள்ளையையே தெரிவு செய்தார்கள். "அவக்கு எந்தத் துணியும் நிக்கும் மெடம்" என்றார்கள். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு வருடம் முழுக்க அந்த ஒரு உடம்புக்கே வெட்டிப் பழகினார்கள். அவளுக்கு வெட்டத் தெரிந்தால் மதிப்பீட்டில் சித்தி. நிலையத்தை விட்டு வெளியே போனதும் முதல் வாடிக்கைக்காரி சவளக்கடையிலிருந்தோ சாகாமத்திலிருந்தோ வருவாள். வயலில் வேலை செய்த தோளும் நாலு பிள்ளை பெற்ற வயிறும் அவளுக்கு இருக்கும். அந்த உடம்பை எங்கள் சான்றிதழ்காரி வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திப்பாள்.

நான் சொல்லப்போகும் வருடத்தில் அணிபவராக இருந்தவள் சப்ரீன். முந்திய அணியில் படித்து முடித்த பிள்ளை. தேர்வாளர்களில் ஒருத்தி சாய்ந்தமருதைச் சேர்ந்த றிஸ்னா. வயது இருபத்தொன்று. அகன்ற தோள், பருத்த உடம்பு. மண்டபத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும்போதே யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் உட்காருவாள். அவளுடைய வரைதல் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். தையல் தெரியாத எனக்கே, பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை. கழுத்து வளைவுகள், கை மடிப்புகள், ஒவ்வொன்றும் யோசித்து வரைந்தவை. ஆனால் அந்த உடுப்புகளைப் போட்டிருந்த உருவங்கள் எல்லாம் தென்னை ஈர்க்கில் கட்டியவை போல இருந்தன. கொப்பி முழுவதிலும் அவளை ஒத்த ஓர் உடம்புகூட இல்லை.

அந்த மதிப்பீட்டில் அவளுக்கு ஒரு பெரிய விஷயம் தங்கியிருந்தது. உயர் வடிவமைப்பு டிப்ளோமாவுக்கு அவளுடைய பெயர் நேர்முகப் பட்டியலில் இருந்தது. இந்தச் சான்றிதழ் இல்லாமல் இடமில்லை. விண்ணப்பம் அந்த மாத முடிவோடு பூட்டப்படும். அடுத்த சேர்ப்பு எப்போது என்று எவருக்கும் தெரியாது.

மதிப்பீடு இரண்டு நாள். முதல் நாள் வெட்டித் தைப்பது. இரண்டாம் நாள் அணிவித்துப் பார்த்து, திருத்தி, முடித்துக் கொடுப்பது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே சுருளிலிருந்து கரும்பச்சை சாட்டின் துணி வழங்கினோம். முதல் நாள் சுமுகமாக முடிந்தது. பன்னிரண்டு கவுன்கள், எல்லாம் சப்ரீனின் அளவில்.

இரண்டாம் நாள் எட்டரைக்குக் கதவை மூடினோம். சப்ரீன் வரவில்லை. ஒன்பது மணிக்குப் போதனாசிரியை கையில் தொலைபேசியோடு ஓடி வந்தார்.

"மெடம், சப்ரீனுக்குக் காய்ச்சலாம். டெங்கு போல எண்டு ஆஸ்பத்திரியில மறிச்சிட்டாங்களாம்."

வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த தலைமை மதிப்பீட்டாளர் என்னைப் பார்த்தார். சொந்தமாக உடுப்புக்கடை நடத்துபவர், மெலிந்தவர், தொழிலில் மிகக் கெட்டிக்காரர். நான் என் குறிப்பை எடுத்து வாசித்தேன். தேர்வாளர்கள் தங்கள் ஆடையைத் தாங்களே அணியலாம். பதினொரு பிள்ளைகள் கவுனை எடுத்துக்கொண்டு மறைப்புத் திரைக்குப் பின்னால் போனார்கள். சிலருக்குத் தோள் நழுவியது, சிலருக்கு முதுகு பூட்டவில்லை, சிலருக்கு நிலத்தில் இழுபட்டது. முதுகில் ஊசி குத்திச் சமாளிக்கத் தொடங்கினார்கள். றிஸ்னா தன் கவுனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

தலைமை மதிப்பீட்டாளர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார்.

"இவ அடுத்த முறை வரட்டும். ஆறு மாசம்தானே. அதுக்குள்ள கொஞ்சம் மெலியவும் ஏலும்."

"இவட வேலதான் மிஸ் இந்த அணியிலயே திறம்," என்றார் போதனாசிரியை மெல்ல.

"வேலை இரிக்கட்டும். இந்தத் தொழிலுக்கு ஆள் நிக்கிற நிலையும் வேணும். உடுப்புத் தைக்கிறவளப் பாத்துத்தான் உடுப்பு வாங்குவாங்க."

 சமையல்காரரின் வயிற்றை அளந்துவிட்டு எவரும் சோறு சாப்பிடுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, வழிகாட்டிப் புத்தகத்தில் அதற்குப் பிரிவு இல்லை. இந்த நிலைமையைக் கட்டி வைத்தது என் நாலு வரிதான் என்பதும் அப்போது எனக்கு உறைத்திருந்தது.

றிஸ்னா எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

"மெடம், கடைசி மணி அடிக்கும் வரைக்கும் உடுப்பத் திருத்தலாம்தானே?"

"திருத்தலாம்."

"எவ்வளவும் திருத்தலாமா?"

"அதுக்கு எல்லை போடல்ல."

"அப்ப இத அவிழ்த்து எனக்கு ஏத்த மாதிரித் தைக்கிறன். துணி காணாது. எல்லாரும் வெட்டிப் போட்ட துண்டு அந்தப் பெட்டியில கிடக்கி. அத எடுக்கப் போடாது எண்டு விதி இரிக்கா?"

இருக்கவில்லை. விதி பேசாத இடத்தில் நானும் பேசவில்லை. தலைமை மதிப்பீட்டாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இரண்டரைக்கு மணி அடிக்கும். செய்யட்டும் பாப்பம்."

ஒரு சிக்கல் மிஞ்சியது. தன் முதுகையும் தோளையும் இடுப்பையும் ஒருத்தி தானே சரியாக அளக்க முடியாது. கற்பித்த போதனாசிரியை மதிப்பீட்டு நாளில் தேர்வாளரைத் தொடக்கூடாது. மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊசிகளோடு போராட்டம். நடத்தும் உத்தியோகத்தரான நான் அளக்கலாமா என்று வழிகாட்டியில் தெளிவில்லை. தெளிவில்லாத இடத்தில் ஒதுங்கி நிற்பது என் முப்பது வருடப் பழக்கம். அன்றைக்கு ஒதுங்கவில்லை. எழுந்து திரைக்குப் பின்னால் போனேன்.

அவள் நாடாவை என் கையில் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு இதுக்கு முதல் ஒருத்தரும் அளவெடுக்கல்ல மெடம்," என்றாள். "உம்மா எண்ட பழைய சட்டையொண்ட வெச்சி, சுத்திவர ரெண்டு விரல் கூட்டி வெட்டுவா. நானும் கேக்கிறல்ல."

ஒரு வருடம் அளவெடுக்கப் படித்த பிள்ளை. அவளுடைய அளவு அவளுக்குத் தெரியாது. அப்படி ஒருத்தியை இறுதி மதிப்பீடு வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

தோளை அளந்து சொன்னேன். கண்ணைத் திறந்து கொப்பியில் எழுதினாள். அவள் மறுபடி கண்ணை மூட, மார்பை அளந்தேன். நாடாவில் நாற்பத்தாறு இருந்தது. அவள் கண்ணை இன்னும் இறுக்கினாள். "நாப்பத்து நாலு," என்றேன். இடுப்பில் நாற்பத்து நான்கு இருந்தது. "நாப்பத்தொண்டு," என்றேன். வாய் அதன் பாட்டில் சொல்லிற்று. பிறந்த ஊரின் மரியாதை அது, யோசிக்கவே தேவைப்படவில்லை. அவளுடைய முகம் சற்றுத் தெளிந்ததைப் பார்த்து மனம் நிறைந்து என் மேசைக்குத் திரும்பினேன்.

கொப்பியில் சரியான இலக்கத்தை எழுத வேண்டிய கை அன்றைக்கு என்னுடையதாக இருக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நான் சொன்னதைக் கேட்டவளேதான் அதை வைத்து வெட்டப்போகிறவள். முப்பது வருடம் படிவங்களில் ஒரு புள்ளி தவறாதவள் நான்.

அவள் தைத்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். பக்கத் தையல்களை அவிழ்த்து, கழிவுப் பெட்டியில் இருந்த துண்டுகளில் நீளமானவற்றைப் பொறுக்கி, அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒடுங்கிய பட்டிகளாக வைத்துத் தைத்தாள். இணைப்பே தெரியாதபடி மடிப்புக்குள் மறைத்தாள். ஒன்றரை மணிக்குக் கவுனை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

கவுனின் சிப்பை மேலே இழுக்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து றிஸ்னாவின் குரல் வந்தது.

"மெடம், கொஞ்சம் இஞ்ச வாங்க."

போனேன். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. கையில் நாடா இருந்தது.

"எத்தின இஞ்சி குறைச்சிச் சொன்னீங்க?"

"இல்ல மகள், நான்..."

"மெடம்."

"இடுப்பில மூண்டு. மற்ற இடத்தில ரெண்டு."

"என்னத்துக்கு?"

"உனக்கு மனசு நோகும் எண்டு."

"இருபத்தொரு வருஷமா இந்த உடம்போடதான் மெடம் நான் இரிக்கன். பஸ்ஸில ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில இரிக்க மாட்டாங்க. சொந்தக்காரப் பொண்டுகள் எண்ட கோப்பையில சோத்த எண்ணுவாங்க. இவ்வளவும் தெரிஞ்ச எனக்கு ஒரு இலக்கத்தக் கேட்டா மயக்கம் வந்திருமா? அந்த இலக்கம் எனக்குச் சாமான் மெடம். கத்தரிக்கோல் மாதிரி. அத மொட்டையாக்கித் தந்திட்டீங்க."

என் பணிக்காலத்தில் அமைச்சு அதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு மணிக்கூட்டைத்தான் பார்த்தேன்.

மணி ஒன்று நாற்பது. இருக்கும் ஐம்பது நிமிடத்தில் முடியாது. ஆனால் நிலையத்தின் தவறால் தேர்வாளர் இழந்த நேரத்தில் ஒரு மணித்தியாலம் வரை திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தவறு செய்தவர் தன் பெயரோடு, காரணத்தோடு, சம்பவப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். என் காலத்தில் அந்தப் பதிவேட்டில் மற்றவர்களை எழுத வைத்திருக்கிறேன். நான் எழுதியது கிடையாது. பதிவேட்டைத் திறந்தேன்.

தலைமை மதிப்பீட்டாளர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மிஸ், இது உங்கட சேவைக் கோவைக்குப் போகும். ஓய்வுக்கு எத்தின மாசம் இரிக்கி?"

"ஏழு."

"அப்ப என்னத்துக்கு? நாடா பழசு, இழுபட்டுப் போயிருந்திச்சி எண்டு எழுதுங்க. ஆரும் கேக்கப்போறல்ல."

நல்ல யோசனைதான். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் கருவியில் பிழை என்று எழுதினால் அதே நாடாக்களால் அளந்த பன்னிரண்டு பேரின் மதிப்பீடும் இரத்தாகும். அதுவும் எனக்கு மனப்பாடம். எழுதினேன்: "தேர்வாளரின் உடல் அளவுகளை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னேன். காரணம்: அவர் மனம் வருந்துவார் என்று நானாகவே நினைத்தது." எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு அற்பமான வாக்கியம். அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

இனி அளப்பது யார்? நான் விலக்கப்பட்டவள். பதியப்பட்ட அளவுகளைத் தலைமை மதிப்பீட்டாளர் நேரில் சரிபார்க்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அவரிடமே நாடாவை நீட்டினேன். ஒரு கணம் தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

மீன் சந்தையில் ஏலம் கூறும் குரல் அந்தப் பெண்ணுக்கு. "தோள் பதினேழு. எழுது. மார்பு நாப்பத்தாறு. நேரா நில்லு புள்ள, மூச்ச இழுக்காத, மூச்சு விட்டாத்தான் ஆள் உயிரோட இரிக்கும். இடுப்பு நாப்பத்து நாலு." மண்டபம் முழுக்கக் கேட்டது. ஊசி குத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. கூரை அதன் இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் குனிந்து தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவரிடம் என்னிடம் இருந்த இரக்கம் இல்லை. அதனால் அவர் சொன்ன ஒவ்வொரு இலக்கமும் சரியாக இருந்தது.

றிஸ்னா பட்டிகளை மறுபடி அவிழ்த்தாள். இம்முறை அகலமாக வேண்டும். நீளத் துண்டுகள் முடிந்துவிட்டன. குட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தால் தையல் வெளியே தெரியும். பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். "மறைக்கிறதுக்குத் துணியும் இல்ல, நேரமும் இல்ல. அப்ப தெரியட்டும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டுகளைப் புரட்டினாள். சாட்டினுக்குப் பளபளக்கும் பக்கம் ஒன்று, மங்கிய பக்கம் ஒன்று. மங்கிய பக்கத்தை வெளியே வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் சாய்கோடாக்கி, பக்கவாட்டில் இரண்டு அகன்ற பட்டிகளை இறக்கினாள். பளபளப்பும் மங்கலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கீழிறங்கின. மூன்று இருபதுக்கு அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்தின் நடுவுக்கு வந்தாள். நடந்து காட்டச் சொன்னார்கள், நடந்தாள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். உட்காரச் சொன்னார்கள். இம்முறை கதிரையிடம் மன்னிப்புக் கேட்காமல் உட்கார்ந்தாள்.

பொருத்தத்துக்கான புள்ளி போடும் நேரம் வந்தது. மற்றப் பதினொரு கவுன்களும் சப்ரீனுக்கு வெட்டப்பட்டு வேறு உடம்புகளில் ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த மண்டபத்தில் தன்னை உடுத்தியவளுக்குப் பொருந்திய கவுன் ஒன்றே ஒன்றுதான். தலைமை மதிப்பீட்டாளர் றிஸ்னாவின் அக்குள் தையலை விரலால் தடவினார், தோள் வரம்பைப் பார்த்தார், முதுகுப் பக்கம் போய் நின்றார். அந்தப் பிரிவில் அணியிலேயே உயர்ந்த புள்ளியைப் போட்டார். நேர்மையான பெண்தான்.

ஆனால் குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதினார்: "அணிந்தவரின் உடலமைப்பு ஆடையின் தோற்றத்தைக் குறைக்கிறது."

தாள் என் கையெழுத்துக்கு வந்தது. டிப்ளோமா நேர்முகத்தில் முதலில் வாசிப்பது அந்தக் கட்டத்தைத்தான். நான் பேனையை மூடினேன்.

"மிஸ், இந்த வரிய வெட்டணும். ஒம்பதாம் பிரிவு. குறிப்பு ஆடையப் பத்தி இரிக்கணும்."

"நான் உள்ளதத்தானே எழுதினன்."

"அந்த உடம்பு எந்தப் பாடநெறிக்கு விண்ணப்பிச்சது? அதுக்குச் சுட்டெண் இரிக்கா? அனுமதி அட்டை இரிக்கா? இல்லாத தேர்வாளருக்கு நீங்க எப்படிக் குறிப்பு எழுதுவீங்க?"

அவர் என்னை முறைத்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் படிக்கக்குள்ள எனக்கும் இப்படித்தான் எழுதினாங்க. மூண்டு வருஷம் நான் ஒழுங்காச் சோறு தின்னல்ல மிஸ்."

"அதுக்கு இந்தப் புள்ள பட்டினி கிடக்கணுமா?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனையை எடுத்து அந்த வரியை வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவரோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை என்று தெரிந்தது. தனக்குப் பட்ட கோலைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்தவளுக்குக் கொடுக்கும் பெண்களை உங்கள் பணியில் நிறையச் சந்திப்பீர்கள். சுமுகமாகப் பேசுங்கள், ஆனால் வரியை வெட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான்றிதழ் மாத முடிவுக்கு முன்பே வந்தது. றிஸ்னாவுக்கு டிப்ளோமாவில் இடம் கிடைத்தது. எனக்கும் ஒரு கடிதம் கிடைத்தது. எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி எச்சரித்திருந்தார்கள். என் உத்தியோக எதிர்காலம் அப்போது ஏழு மாதம். அந்த நாலு வரிக் குறிப்பை மீளப் பெறும்படி மூன்று முறை எழுதினேன். மண்டபம் அமைதியாக இருப்பதால் மாற்றத் தேவையில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது.

ஆனால் அந்த நாளின் கடைசிக் கால் மணித்தியாலத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு பதிவுத்தாளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதில் றிஸ்னாவின் கையெழுத்தில் சப்ரீனின் பத்து அளவுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் வெட்டித் தன் அளவை எழுத வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நடத்தும் உத்தியோகத்தர் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வோர் இலக்கத்தையும் சத்தமாக வாசித்துவிட்டு எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் நான் ஒப்பம் வைத்தேன். தோள் பதினேழு. மார்பு நாற்பத்தாறு. கடைசியாக இடுப்புக்கு வந்தபோது என் பேனை சற்று நின்றது.

"நாப்பத்து நாலு மெடம். சரியான இலக்கம்தான். வைங்க."

வைத்தேன். என்னிடமிருந்து ஒரு முட்டாள் கேள்வி வந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் கேட்கும் வகைக் கேள்வி.

"இப்ப உனக்கு உண்ட உடம்பு புடிச்சிரிக்கா மகள்?"

அவள் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளில் இருந்த தன் இலக்கங்களை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள்.

"அது தெரியா மெடம். அதுக்கு இன்னும் நாள் எடுக்கும் போல," என்றாள். "ஆனா இதுக்கு வெட்டத் தெரியும் எனக்கு."

பிறகு மை காயும்வரை தாளை ஊதி, தானே எழுந்துபோய் மதிப்பீட்டுக் கோவையில் வைத்தாள்.